பதினாலும் பன்னிரண்டும்

கோப்பாயில் வாகன மின்வேலை செய்யும் அரியகுட்டிக்கு மனிதர்களில் மதிப்பில்லை. வண்டி வைத்திருப்பவர்களில் அறவே இல்லை. பழுதைச் சொல்லாமல் தீர்ப்பைச் சொல்லிக்கொண்டு வருவார்கள். பழைய பிக்கப் ஒன்று வாங்கியிருந்த தவயோகன், பற்றறிக்குச் சார்ச் ஏற்றும் அல்ரனேற்றர் ஒன்றைப் பழையதாக வாங்கிக்கொண்டு வந்தான்.

“பற்றறிக்குச் சார்ச் ஏறுதில்லை அண்ணை. அல்ரனேற்றர் பழுது. இதைப் பூட்டிவிடுங்கோ. பின்னேரம் தம்புள்ளைச் சந்தைக்கு வெங்காயம் ஏத்தோணும்.”

“டொக்டர் வந்திட்டார். பிறகென்ன, நீரே மாத்தும்.”

அரியகுட்டி என்ஜினை ஓடவிட்டு மீற்றரைப் பிடித்தார். வயரின் கவ்வியில் பதினாலு வோல்ற். அந்தக் கவ்வி பிடித்திருந்த பற்றறியின் ஈயக் கட்டையில் பன்னிரண்டுதான். சார்ச் கவ்விவரை வருகிறது, பற்றறிக்குள் போகவில்லை. என்ஜினை நிறுத்திக் கவ்வியைக் கழற்றினார். உள்ளே காய்ந்த சந்தனம்.

“எந்த விசரன் பற்றறிக் கட்டையில பொட்டு வைச்சவன்?”

தவயோகன் தயங்கினான். “ஆயுதபூசையண்டு பற்றறி உங்கடை கடையிலதானே சார்ச்சுக்குக் கிடந்தது. நீங்கள்தான் அண்ணை...”

அரியகுட்டி கட்டையைச் சுரண்டிக் கவ்வியை இறுக்கினார். மறுபடி என்ஜினை ஓடவிட்டுப் பார்த்தார். இப்போது இரண்டிலும் பதினாலு.

“நான் வைச்சா உமக்குத் துடைக்கத் தெரியாதே?” என்றார். “அந்த இரும்பையும் தூக்கிக்கொண்டு போம். வெங்காயம் அழுகப்போகுது.”