எட்டாம் மெஷினுக்கு ஒரு பாட்டு

ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்னால், அவள் இரண்டு விரல்களை நோயாளியின் முன்கையில் வைப்பாள். ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்த மேட்டில், தோலுக்கு அடியில் ஓர் அதிர்வு ஓடும். தூங்கும் பூனையின் வயிற்றில் கை வைத்ததுபோல. அது விரல்நுனியில் தட்டுப்பட்டதும் ஒரு பாட்டை முனக ஆரம்பிப்பாள். முனகல் மெல்ல வார்த்தையாகும். எந்தப் பாட்டு என்பதில் குழப்பம் கிடையாது. இரண்டாம் டயாலிசிஸ் மெஷினில் படுத்திருப்பவர் என்றால் ‘ரெண்டு குடை’. ஐந்து என்றால் ‘அஞ்சு மணி ரயிலு’. ஏழுக்கு ‘ஏழாந் தெரு’.

படுத்திருப்பவர்களுக்கு ஒரே வேலை, பாட்டில் எண் எங்கே வருகிறது என்று கவனிப்பது. எண் வரும்போது குத்து விழும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். அவளோ அதற்கு அரை வரி முன்னாலேயே ஊசியை இறக்கி, பிளாஸ்திரியும் ஒட்டியிருப்பாள். எல்லோருக்கும் தெரிந்த ஏமாற்றுதான். ஆனாலும் ஏமாந்தார்கள்.

“குத்திட்டியா? இன்னும் ரயிலே வரலையே.”

“ரயிலு வந்து போயாச்சு பெரியப்பா. கைய ஆட்டாம படுங்க.”

அந்த டயாலிசிஸ் அறையில் அவளைப் பாட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட இருபது வயது மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பயத்தை மறைக்க எதையோ முனகப்போய், முதல் மெஷினில் இருந்த டீச்சரம்மா, “வாயில வந்ததையெல்லாம் பாடாத. எனக்குன்னு ஒண்ணு வச்சுக்க” என்றாராம். அப்படித் தொடங்கியதுதான். பிறகு பாட்டுக்காக மெஷின் கேட்கிறவர்கள் வந்துவிட்டார்கள். “ஏழு வேணாம்மா, ரொம்ப இழுவை. நாலு காலியாச்சுன்னா சொல்லு.”

பாட்டில் சந்தேகம் வந்தால் கேட்பதற்கு மூன்றாம் மெஷினில் கச்சேரியார் இருந்தார். மேடை மேடையாகப் பாடிப் பிழைத்தவர். சிறுநீரகம் போன பிறகு குரலும் பாதி போய்விட்டது. ஞாபகம் மட்டும் போகவில்லை.

எட்டாவது மெஷின் புதிதாக வந்து இறங்கிய மாதத்தில்தான் அவளுடைய தம்பிக்கும் டயாலிசிஸ் செய்யச் சொல்லிச் சீட்டு எழுதப்பட்டது. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு அவள் தூக்கி வளர்த்தவன். பள்ளிக்கூடத்தில் ‘பெற்றோர் கையெழுத்து’ என்ற இடத்தில் அவள் கையெழுத்துதான் இருக்கும். கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிப்பவன். கயிற்றில் தொங்கிக்கொண்டு பீடி பற்றவைப்பான். ஊசியைப் பார்த்தால் முகம் வெளுத்துவிடும்.

ஊரார் கையில் கண்ணை மூடிக்கொண்டு குத்துகிறவளுக்குத் தம்பியின் கையில் குத்த மனம் வரவில்லை. கூட வேலை செய்பவரிடம் ஊசியைக் கொடுத்துவிட்டு மருந்து அறைக்குப் போய் நின்றுகொண்டாள். அவர் நல்ல கைக்காரர்தான். அன்றைக்கு என்னவோ தவறிவிட்டது. மறுபடி குத்தியதும் தவறிவிட்டது. முன்கை வீங்கிக் கத்திரிக்காய் நிறமானது. கழுத்தில் அவசரக் குழாய் போட்டுத்தான் அன்று ரத்தம் சுத்தம் செய்தார்கள்.

கையின் வீக்கம் வற்றும்வரை அந்தக் குழாயோடே ஓட்டினார்கள். வற்றியதும் பெரிய டாக்டர் வந்து பார்த்து, குழாயில் சீழ் பிடிக்கப் பார்க்கிறது, இனிமேல் கைதான் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலை தம்பி பெண்டாட்டி இவளிடம் வந்து நின்றாள்.

“அண்ணி, அவரு இனிமே வரமாட்டேங்கறாரு. வலிச்சுச் சாகறதுக்குச் சும்மாவே செத்துட்டுப் போறேங்கறாரு.”

“நாளைக்கு ஒரு தடவ மட்டும் கூட்டிட்டு வா. நானே போடறேன்னு சொல்லு.”

சொல்லிவிட்டாளே தவிர, வீட்டுக்குப் போய்ச் சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தாள். இந்த ஒரு ஊசி தவறினால் அவன் திரும்பி வரமாட்டான். வராவிட்டால் என்ன ஆகும் என்பதை அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. போதாததற்கு எட்டுக்குப் பாட்டும் இல்லை.

மறுநாள் அறையே அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது.

“எட்டுல பாட்டே கிடையாதா? ஒரு பயலும் எழுதலையா?”

“எட்டாம் வாய்ப்பாடு இருக்கு. பாடச் சொல்லவா?”

“நீ படிச்ச லட்சணம் தெரியும், படு.”

அவள் சிரிக்கவில்லை. ஒவ்வொருவராக எடை பார்த்து, படுக்க வைத்து, குத்தி முடித்தாள். கச்சேரியாரைத் தேடினால் ஆள் வெளியே பெஞ்சில் இருந்தார். கூப்பிட்டதும் வந்து படுத்தார். கடைசியில் எட்டாம் மெஷின் மட்டும் மிஞ்சியது.

தம்பி கையை நீட்டிவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் விரல்களை வைத்தாள். அதிர்வு தெரிந்தது. ஊசியின் மூடியைக் கழற்றினாள். திரும்ப மாட்டினாள்.

“என்னக்கா, பாட்டக் காணோம்?”

“உன் நம்பருக்குப் பாட்டு இல்லடா.”

“யார் சொன்னா? நான் பாடறேன். நீ உன் வேலையப் பாரு.”

சுவரைப் பார்த்தபடியே அவன் பாடினான். வாழ்நாளில் அவன் பாடி அவள் கேட்டதில்லை.

*ஏணி ஒண்ணு கொண்டா புள்ள, ஈரச்சேல காயுது,*
*காத்தடிக்கும் முன்னே ஏறு எட்டாவது மாடிக்கு...*

மூன்றாம் மெஷினிலிருந்து கச்சேரியார் தலையைத் தூக்கினார். “அட, இது பழைய பாட்டாச்சே. ரொம்ப நல்ல பாட்டு. இன்னொரு தரம் பாடு தம்பி.”

பழைய பாட்டு என்று கேட்டதும் அவளுக்கு மூச்சு சீரானது. எல்லா மெஷினையும்போல இதுவும் ஒரு மெஷின், இதற்கும் ஒரு பாட்டு உண்டு. இரண்டாம் தடவை பாட்டோடு சேர்ந்து முனகினாள். ‘காத்தடிக்கும்’ என்ற இடத்தில் ஊசி இறங்கியது. குழாய் சிவந்தது.

“குத்தியாச்சாக்கா?”

“நீ இன்னும் மாடி ஏறல. நான் ஏறி இறங்கிட்டேன்.”

அதன் பிறகு மூன்று வருஷத்துக்கு மேல் அவன் வந்தான். கையில் குத்த வேறு யாரையும் விடவில்லை. ஒரு மழைக்காலத்தில் நெஞ்சுக்குள் நீர் கோத்து, மெஷினுக்கு வருவதற்கு முன்பே வீட்டில் போய்விட்டான். அவள் சில நாள் விடுப்பில் இருந்தாள். பிறகு வந்தாள். எட்டாம் மெஷினுக்குப் புதிய ஆள் வந்தபோது, கொஞ்சம் தயங்கி, அந்தப் பாட்டையே பாடினாள். குரல் ஓரிடத்தில் தடுமாறியது. கை தடுமாறவில்லை.

அந்தப் பாட்டின் மிச்சத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவளுக்கு ஓர் ஆசை. பாட்டுக் கடையில் கேட்டாள். போனில் தேடினாள். வானொலிக்குக்கூட எழுதிப் போட்டாள். கிடைக்கவில்லை.

மூன்றாம் மெஷின் பழுதான ஒரு நாளில் கச்சேரியாரை எட்டில் படுக்க வைக்க வேண்டி வந்தது. அவள் விரல்களை வைத்து, ஏணியைக் கொண்டுவரச் சொல்லிப் பாடி, காற்றடிக்கும் முன்னே குத்தி முடித்தாள். பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டே கேட்டாள்.

“அண்ணே, இதோட சரணம் எப்படி வரும்? தேடித் தேடிப் பாத்துட்டேன்.”

கச்சேரியார் அவள் பக்கம் திரும்பினார்.

“சரணம் கிடையாதும்மா. அன்னிக்கு வெளிய பெஞ்சுல உக்காந்து கட்டினது அது. மெட்டு என்னுது, வரி உன் தம்பியோடது. எண்ணு கடைசியில வரணும்ணே, எங்கக்கா அதுக்கு முன்னாடி குத்தற மாதிரி இருக்கணும்னான். அதுக்குள்ள நீ உள்ள வரச் சொல்லிக் கூப்பிட்டுட்ட.”