தங்கச்சியின் செருப்பு

எண்பதுகளில் மொன்றியல் நகருக்கு அகதியாக வந்த புதிதில், கல்லூரியில் இனத்துவக் கற்கை படிக்கப் போகிறேன் என்றதும் அண்ணை முகத்தைச் சுளித்தார். உணவகத்தில் கோப்பை கழுவிச் சேர்த்த காசில்தான் அவர் என்னை இங்கே கூப்பிட்டிருந்தார்.

"சனம் எங்கையிருந்து வந்தது எண்டு படிச்சு என்ன வேலை எடுக்கப் போறாய்? எக்கவுண்டிங் படியன்."

நான் இனத்துவக் கற்கைக்கே பெயர் பதிந்தேன்.

வேறு நாட்டிலிருந்து வந்த ஒருவரைப் பேட்டி காணும்படி வகுப்பில் சொன்னார்கள். ஜான்-டலோன் சந்தையில் மரக்கறி விற்ற வியட்நாம் பெண்ணிடம் போனேன். அவளுக்கும் என் வயதுதான் இருக்கும். இருவருக்கும் அரைகுறைப் பிரெஞ்சு.

"வரும்போது வீட்டிலிருந்து என்ன எடுத்து வந்தாய்?" என்று கேட்டேன்.

கீரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே, "நீ என்ன எடுத்து வந்தாய்?" என்றாள்.

அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை, அண்ணைகூட. அவசரத்தில் தங்கச்சியின் புதுச் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறியதைச் சொன்னேன். பஸ் எடுத்த பிறகுதான் காலைப் பார்த்தேன். தங்கச்சி வீட்டு வாசற் படலையடியில் வெறுங்காலோடு நின்று கை காட்டினாள். அவள் முதலே கண்டிருக்கிறாள், கூப்பிடவில்லை.

நான் அழுதுவிட்டேன். அந்த வியட்நாம் பெண் மரப்பெட்டியொன்றைக் கவிழ்த்து என்னை இருத்திவிட்டு, தன் கதையைச் சொல்லத் தொடங்கினாள்.

படித்து முடித்ததும், புதிதாக வருபவர்களுக்கு உதவும் நிலையமொன்றில் வேலை கிடைத்தது.

"அங்கை உனக்கு என்ன வேலை?" என்றார் அண்ணை.

"கதைக்கிறதுதான், அண்ணை."

"கதைக்கவும் சம்பளம் குடுக்கிறாங்களோ?"

எந்த நாட்டவர் என் முன்னால் வந்து இருந்தாலும் நான் எடுத்தவுடன் கேள்வி கேட்பதில்லை. தங்கச்சியின் செருப்பைப் பற்றிச் சொல்லிவிட்டுக் காத்திருப்பேன்.