வாலு அக்காவின் வாடகை நாய்கள்

வாடகைக்குப் போய்த் திரும்பி வந்த நாயின் உச்சந்தலையில் அக்கா மூக்கை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, ஆழமாக ஒரு மூச்சு இழுக்கிறார். பிறகு அதைக் கொண்டுவந்து விட்ட கண்ணாடிக்கார இளைஞனை நிமிர்ந்து பார்க்கிறார்.

"வெங்காயம் போட்டு முட்டை செஞ்சீங்களா?"

"எனக்குத்தான்க்கா செஞ்சேன்."

"இதுக்குக் குடுத்தீங்களா?"

"அது பாத்துச்சு..."

"பாக்கும். அது வேலையே பாக்குறதுதான். வெங்காயம் நாய்க்கு ஆகாதுன்னு போன தடவையே தலைதலையா அடிச்சிக்கிட்டேன்ல? அடுத்த வாரம் உங்களுக்கு நாய் கெடையாது. போய் எங்கயாவது மீன் தொட்டிய வேடிக்கை பாருங்க."

இளைஞன் தொங்கிய முகத்துடன் வாசலைத் தாண்டுகிறான். பத்தடி போவதற்குள் அக்காவுக்கே மனசு கேட்கவில்லை. "அதுக்கு அடுத்த வாரம் வந்துடுங்க, இது தேடும்!" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்துகிறார்.

தெருவில் எல்லோருக்கும் அவர் 'வாலு அக்கா'. நாய்களோடு இருப்பதால் வந்த பெயர் என்று புதிதாக வருபவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது அவர் ஆறு வயதில் செய்த அட்டகாசங்களுக்காகச் சொந்த அத்தை வைத்த பெயர். "மொதல்ல பேரு வந்துச்சு, தொழில் அப்புறமா வந்துச்சு" என்பார். ஐம்பதைத் தாண்டிவிட்டது. குட்டை உருவம், ஓட்டமும் நடையுமான கால்கள். சட்டைப் பையில் எப்போதும் உடைந்த பிஸ்கட் தூள். பேசிக்கொண்டே அதில் கையை விட்டு, நாய்க்கு ஒரு துண்டு, தனக்கு ஒரு துண்டு என்று பாகுபாடில்லாமல் போட்டுக்கொள்வார்.

பெரிய சாலையை ஒட்டிய ஒரு பழைய கார் கொட்டகைதான் அவருடைய கடை. ஒரு பக்கம் நாய் குளிப்பாட்டும் தொட்டி. இன்னொரு பக்கம் யாரோ தூக்கிப்போட்ட சோபாக்களிலிருந்து எடுத்த திண்டுகள், நாய்க்கு ஒன்றாக. மூலையில் அக்காவின் வீட்டுக்காரர் பழுது பார்க்கும் வாஷிங் மிஷின்கள் வயிறு திறந்து கிடக்கும். உயிர் போன ஒரு மிஷினின் உருளைக்குள் 'பட்டாணி' என்ற குட்டி நாய் குடியிருக்கிறது. வாசலில் 'வக்கீல்' என்ற நாய் படுத்திருக்கும். போகிற வருகிற எல்லாவற்றுக்கும் ஆட்சேபம் தெரிவிக்கும். "குரைக்கிற நாய் கடிக்காதுன்னு சொல்லுவாங்களே" என்று யாராவது சிரித்தபடி கையை நீட்டினால், "இதுக்கு ரெண்டும் தெரியும்" என்பார் அக்கா, கைவேலையை விடாமல்.

பழமொழி விஷயத்தில் அவரிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஒருமுறை தண்ணீர் கேன் போடுபவர், "இந்த வெயில்ல நாய் படாத பாடு படுறேன்க்கா" என்று பெருமூச்சு விட்டார். அக்கா அவரைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய், மின்விசிறிக்கு அடியில் நாலு காலையும் விரித்து மல்லாந்து கிடந்த பட்டாணியைக் காட்டினார். "என்ன பாடு படுது? சொல்லுங்க, கேப்போம்."

தொழில் தானாக அமைந்தது. முன்பு இந்தக் கொட்டகையில் நாய் குளிப்பாட்டுவது மட்டும்தான். குளிக்க விட்டுப் போனவர்களில் சிலர் திரும்பி வரவில்லை. ஒருவர் வீடு மாறிப் போனார், ஒருவர் வீட்டில் குழந்தை பிறந்தது, ஒருவர் போனையே எடுக்கவில்லை. நாய்கள் மட்டும் மிஞ்சின. அப்புறம் எதிர் மாடியில் குடியிருக்கும் ஆபீஸ் பெண் ஒருநாள் இறங்கி வந்தாள். "எங்க ஓனர் நாய் வளக்க விட மாட்டேங்கிறாருக்கா. ஞாயித்துக்கிழமை மட்டும் ஒண்ணு குடுங்களேன், சாயங்காலம் பத்திரமா கொண்டாந்து விட்டுடறேன்" என்றாள். பட்டாணி போனது. அடுத்த வாரம் அவளுடைய தோழி வந்தாள். அதற்கடுத்த வாரம் தோழியின் தோழி. சாப்பாட்டுச் செலவுக்கு ஆகட்டும் என்று அக்கா வாடகை வாங்க ஆரம்பித்தார்.

யார் யாரோ வந்தார்கள். நாய் முடி பட்டாலே தும்முகிற கணவனுக்குத் தெரியாமல் பூங்காவில் மட்டும் நாயோடு நடக்கும் மனைவி. கல்யாணமாகிப் பிள்ளை பெறலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஜோடி, ஒத்திகை பார்க்கிறார்களாம். பெண் கொடுக்கிற வீட்டில்கூட அவ்வளவு கேள்வி கேட்க மாட்டார்கள். "மொட்டை மாடிக்குக் கதவு இருக்கா? கோவம் வந்தா கத்துவீங்களா, பேசாம இருப்பீங்களா?" என்பதுவரை அக்கா விசாரித்துத்தான் கொடுப்பார்.

வீட்டுக்காரருக்கு மட்டும் இது ஒப்பவில்லை. ஸ்க்ரூ டிரைவரை வாயில் கவ்வியபடியே ஒருநாள் சொன்னார்: "சைக்கிள வாடகைக்கு விடலாம், நாற்காலிய விடலாம். பாசத்த வாடகைக்கு விட்ட மொத ஆளு நீதான்."

"நேரம் இல்லாதவங்களுக்குப் பாசமும் இருக்கக் கூடாதா? பாவம், ஞாயித்துக்கிழமை ஒருநாள் சந்தோசமா இருந்துட்டுப் போகட்டுமே."

"அவங்க சந்தோசமா இருக்காங்க, சரி. இதுங்களக் கேட்டியா?"

இப்படி மடக்கப்படும் அபூர்வமான நேரங்களில் அக்கா செய்வதைத்தான் அன்றும் செய்தார். வீட்டுக்காரருக்கு ஆறிப்போன டீயைக் கொடுத்தார்.

கேள்விக்குப் பதிலை மெத்தைதான் கொண்டுவந்தது. மெத்தை என்பது கடையிலேயே பெரிய நாய். ஆள் சாய்ந்தால் உள்ளே அமுங்கிவிடும் அளவுக்கு முடி. யார் வந்து உட்கார்ந்தாலும் மடியில் தலையைப் போட்டுவிடும். அதனால் கிராக்கி அதற்குத்தான் அதிகம். இன்று ஒரு வீடு, நாளை ஒரு வீடு, நடுவில் ஏதாவது ஆபீஸில் போட்டோ எடுக்க. திடீரென்று அது சோர்ந்துபோனது. கொட்டகைக்குத் திரும்பினால் சாப்பாட்டுப் பக்கம் போகாமல், ஷட்டருக்கும் தரைக்கும் நடுவிலுள்ள இடுக்கில் மூக்கை வைத்துப் படுத்துக்கொண்டது. கால்நடை டாக்டரம்மா வந்தார். பல்லைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், காதுக்குள் விளக்கடித்தார். "உடம்புல ஒரு குறையும் இல்ல. எதையோ நெனச்சு ஏங்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் ஒரு அம்மாள் சண்டைக்கு வந்துவிட்டார். மகளின் பிறந்தநாளுக்கு மெத்தையை எடுத்துப் போனவர். "வந்த கொழந்தைங்க எல்லாம் ஏமாந்து போச்சுங்க. ஒரு வாலாட்டல்கூட இல்ல. வாடகை வாங்குறீங்கல்ல, வாலாட்ட வேண்டாமா?"

அக்கா சண்டைக்குச் சளைத்தவர் இல்லை. ஆனால் அன்று வாடகையைத் திருப்பிக் கொடுத்தார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தரையில் மெத்தைக்குப் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்தார். நாய் படாத பாடு என்று சொன்னவரை இழுத்து வந்து காட்டினோமே, இப்போது அவர் வந்து கேட்டால் என்ன சொல்வது என்று மனசு அரித்தது.

சாலையில் ஸ்கூட்டர்கள் போயின. பஸ் ஒன்று போனது. மெத்தை அசையவில்லை. பிறகு கனமான லாரி ஒன்று முனையில் பிரேக் போட்டு 'புஸ்ஸ்' என்று காற்று விட்டது. மெத்தையின் காதுகள் எழுந்தன. எழுந்து நின்றது. வால் ஒருமுறை ஆடியது, இன்னொரு முறை ஆடியது. லாரி நிற்காமல் போனதும் மறுபடி அப்படியே சரிந்து படுத்தது.

மூலையிலிருந்து வீட்டுக்காரரும் பார்த்துவிட்டார். இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்: "லாரிக்காரரு!"

அவர் ஒரு நெடுந்தூர ஓட்டுநர். நாற்பது வயசு, ஒண்டிக்கட்டை. சரக்கை இறக்கிவிட்டு அடுத்த சரக்கு ஏற்றும்வரை கிடைக்கும் நேரத்துக்கு மெத்தையை வாடகைக்கு எடுப்பார். ஊர் சுற்ற மாட்டார், பந்து எறிய மாட்டார். லாரியின் நிழலில் படுத்து, நாயைத் தலையணையாக்கிக்கொண்டு, போன ஊர்க் கதையெல்லாம் அதனிடம் சொல்லிவிட்டுத் தூங்குவார். இரண்டு பேரின் குறட்டையும் கொட்டகைவரை கேட்கும். கம்பெனி வழித்தடத்தை மாற்றியதில் அவர் வருவது நின்றுபோயிருந்தது.

அக்கா போன் போட்டார். விஷயத்தைக் கேட்டதும் லாரிக்காரர் வண்டியை ஓரங்கட்டினார்.

"என்னையா தேடுது? நெசமாவாக்கா? நான் வாடகைக்குத்தானே எடுத்தேன்..."

"அது உங்களுக்குத் தெரியும் தம்பி, எனக்குத் தெரியும். அதுக்கு யாரு சொன்னா?"

இரண்டொரு நாளில் அவர் வந்தார். லாரி இன்னும் முனை திரும்பவில்லை. மெத்தை ஷட்டர் இடுக்கில் பாதி உடம்பை நுழைத்து மாட்டிக்கொண்டு ஊளையிட்டது. வண்டி வந்து நின்றதும் வீட்டுக்காரர் ஷட்டரைத் தூக்கியதுதான் தாமதம், குளிப்பாட்டும் வாளி ஒரு பக்கம், சோப்பு ஒரு பக்கம், வக்கீல் ஒரு பக்கம் எனச் சிதற அடித்துக்கொண்டு பாய்ந்தது. வண்டியிலிருந்து ஒரு காலை மட்டும் கீழே வைத்திருந்த லாரிக்காரர் அப்படியே மல்லாக்க விழுந்தார். மெத்தை அவர் நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்து, முகத்தில் ஓர் இடம் விடாமல் நக்கியது. "மூச்சு முட்டுது, எந்திரிடா, எந்திரிடா தங்கம்" என்று கெஞ்சியவர் அதை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாரே தவிர விடவில்லை. வீட்டுக்காரர் சிரித்துச் சிரித்து வந்த கண்ணீரைக் கிரீஸ் துணியால் துடைத்து, முகமெல்லாம் கரியாக நின்றார்.

"இனிமே இது உங்க நாய் தம்பி, கூட்டிட்டுப் போங்க" என்றார் அக்கா.

"இத நான் எங்க வச்சிக் காப்பாத்துறது? எனக்கு வீடு வாசலே கெடையாதுக்கா. லாரிதான் எல்லாம்."

"அந்த லாரியத்தான் பாக்கப் போறேன், தள்ளுங்க."

அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு வண்டிக்குள் ஏறினார். இருக்கைக்குப் பின்னாலிருந்த படுக்கையில் படுத்துப் புரண்டு பார்த்தார். ஜன்னலை இறக்கி ஏற்றினார். ஓரமாகத் தொங்கிய ஒற்றை மின்விசிறியை முறைத்தார். "காத்து உங்க மூஞ்சிக்கு மட்டும் வருதே, பின்னால இருக்கிறவன் என்ன பண்ணுவான்?" வீட்டுக்காரர் உடனே போய், பழைய மிஷினிலிருந்து கழற்றிய மோட்டாரில் இரண்டாவது விசிறி ஒன்று செய்து மாட்டினார். தண்ணீர்க் கிண்ணம் பிரேக்கடித்தாலும் கவிழாதபடி திருகி வைத்தார். முதலில் ஒரு நடை, வெள்ளோட்டமாக. போய் வந்த மெத்தை ஜன்னலில் முன்னங்கால் இரண்டையும் போட்டுக்கொண்டு, முதலாளியைப் போலத் தெருவுக்குள் நுழைந்தது.

அதற்குப் பிறகு கடையின் சட்டமே மாறிவிட்டது. போட்டோவுக்கு, விழாவுக்கு என்றெல்லாம் நாய் கிடையாது. வருகிறவர் தரையில் உட்கார வேண்டும். எந்த நாய் வந்து ஒட்டுகிறதோ அதுதான் அவருக்கு. எதுவும் வராவிட்டால் டீ குடித்துவிட்டுப் போக வேண்டியதுதான். ஒரு நாய்க்கு இரண்டு மூன்று ஆட்கள், எப்போதும் அதே ஆட்கள். கண்ணாடிக்கார இளைஞனை வக்கீல் தேர்ந்தெடுத்தது. ஏனென்று இருவருக்குமே தெரியாது. வர முடியாத வாரம் போன் செய்து சொல்லிவிட வேண்டும். அக்காவிடம் அல்ல, நாயிடம். "இருங்க, குடுக்குறேன்" என்று அக்கா பட்டாணியின் காதில் போனை வைப்பார். மறுமுனையில் ஆபீஸ் பெண், "மீட்டிங் இருக்குடா பட்டு, செவ்வாக்கிழமை கண்டிப்பா வர்றேன்" என்று கொஞ்சுவது கொட்டகை முழுக்கக் கேட்கும். பட்டாணி போனை நக்கும்.

வரும்படி குறைந்துவிட்டது. "அதுக்கென்ன, ரெண்டு மிஷின் கூட பாத்துட்டாப் போச்சு" என்கிறார் வீட்டுக்காரர். வருகிற வாடிக்கையாளர்களிடமெல்லாம், இந்த யோசனையைக் கொடுத்ததே தான்தான் என்றும் சொல்லிக்கொள்கிறார்.

போன வாரம் மெத்தை ஒரேயடியாகக் கிளம்பியது. திண்டு, சீப்பு, மருந்து எல்லாம் ஏற்றியாகிவிட்டது. லாரிக்காரர் வண்டியைக் கிளப்பினார். மெத்தை வாசலில் நின்ற அக்காவைப் பார்த்ததும் கீழே குதித்து ஓடி வந்து காலைச் சுற்றியது. தூக்கி ஏற்றினார்கள். மறுபடி குதித்தது. லாரிக்காரர் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி, தப்புச் செய்துவிட்டோமோ என்று முகம் சுருங்கி உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு உள்ள ஆயிரம் வேலை கெடக்கு. எத்தன தடவ வழியனுப்புறது? ஏத்துங்க, ஏத்துங்க" என்று அக்கா விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

மெத்தை ஜன்னலில் தலையை நீட்டிக் கொட்டகையைத் தேடியது. யாரையும் காணோம். கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு திரும்பி லாரிக்காரரின் தோளில் தாடையை வைத்துக்கொண்டது. வண்டி நகர்ந்தது.

அப்போதுதான் பட்டாணியைக் கூட்டிப்போக வந்த ஆபீஸ் பெண், தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் யாரோ இருப்பதைப் பார்த்துத் திடுக்கிட்டாள். அந்த இண்டு இடுக்கில், மெத்தையின் கண்ணில் பட்டுவிடாதபடி, வாலு அக்கா முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையை உள்ளே இழுத்து, குறுகிக் குந்தியிருந்தார்.

"அக்கா! என்ன இங்க ஒளிஞ்சு—"

கன்னமெல்லாம் ஈரமாக, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டே, அக்கா உதட்டின் மேல் விரலை வைத்தார்.