டீச்சர் கடக்கும் வரை

ஐம்பத்தேழு வயதில் மாஸ்டருக்குக் கிரிக்கெட் பைத்தியம் திரும்பிவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். தெருவையும் குறை சொல்ல முடியாது. ஊரே வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த காலம். அடுத்த வீட்டுக்காரரைப் பற்றிப் பேசுவதைத் தவிர வேறு பொழுதுபோக்கு யாருக்கும் இல்லை. ஆனால் விஷயம் அவர்கள் நினைத்தது அல்ல. மாஸ்டருக்கு வேண்டியிருந்தது ஒரு மைதானம், அதுவும் தனக்காக அல்ல.

மாஸ்டர் என்றால் டெய்லர் மாஸ்டர். வீட்டின் முன்னறைதான் கடை. இரண்டு தையல் மிஷின், துணி வெட்டுகிற நீள மேஜை, ஓரத்தில் பாதரசம் உரிந்த ஆளுயரக் கண்ணாடி. பேன்ட் தைப்பதில் கெட்டிக்காரர். அவர் கெட்ட நேரம், ஆபீஸ்களையெல்லாம் மூடிவிட்டார்கள். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் மூஞ்சியைக் காட்டுகிறவனுக்கு மேலே ஒரு நல்ல சட்டை போதும், கீழே என்ன இருக்கிறது என்று யார் பார்க்கப்போகிறார்கள்? அதனால் பேன்ட் தைத்த கை முகக்கவசம் தைக்கத் தொடங்கியது. ஊசியில் கோர்க்கும் முன் நூலை நாக்கில் ஒற்றி எடுப்பது அவருடைய நெடுநாள் பழக்கம். அதற்காக மட்டும் மனைவியிடம் தினமும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மனைவி மூன்றாம் வகுப்பு டீச்சர். மாஸ்டரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். கடைசி பெஞ்சில் சாக்பீஸ் தின்கிற பிள்ளையைக் கரும்பலகையிலிருந்தே அதட்டி நிறுத்துகிற குரல் டீச்சருக்கு. அந்தக் குரலைத்தான் நோய் வந்து பிடித்துக்கொண்டது.

ஆஸ்பத்திரிக்குள் மாஸ்டரை விடவில்லை. எதிர்ப்புறம் பூட்டிக் கிடந்த செருப்புக்கடை வாசலில் நின்று, எந்த ஜன்னல் என்று தெரியாமல் எல்லா ஜன்னலையும் பார்த்துக்கொண்டு நிற்பார். மாலையில் ஒரு நர்ஸ் தன் சொந்த போனில் கூப்பிட்டு, டீச்சர் முகத்துக்கு நேரே பிடிப்பாள். டீச்சரால் பேச முடியாது, கையை மட்டும் ஆட்டுவார். அந்த நர்ஸின் முகத்தை மாஸ்டர் கடைசிவரை பார்க்கவே இல்லை. இப்போதும் எந்த இளம்பெண் கடைக்கு வந்தாலும், ஒருவேளை அவளாக இருக்குமோ என்று கொஞ்சம் கூடுதல் மரியாதையாகவே பேசுவார்.

டீச்சர் பிழைத்து வீட்டுக்கு வந்தார். ஆனால் மூச்சு முழுசாக வந்து சேரவில்லை. "நூல..." என்பார், நிறுத்துவார், மூச்சு வாங்குவார், "நாக்குல..." என்பார், மறுபடி நிறுத்துவார். அதற்குள் மாஸ்டர் நூலைக் கோர்த்து முடித்திருப்பார். திட்டு பாதியில் நிற்கிற வீடு எவ்வளவு வெறிச்சென்று இருக்கும் என்பது அதற்கு முன் அவருக்குத் தெரியாது.

"மருந்து வேலைய மருந்து பாத்துக்கும். இவங்க தினமும் திறந்த வெளியில நடக்கணும். மெதுவா நடந்தா போதும், ஆனா உக்காராம கொஞ்ச தூரம் போகப் பழகணும்" என்றார் டாக்டர். டீச்சர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நான் மறுபடி... வகுப்பு எடுக்க முடியுமா?"

"நடங்க, பாக்கலாம்" என்றார் டாக்டர்.

எங்கே நடப்பது? தெருவில் காய்கறி வண்டி நின்றால் போதும், தேர் நகராத கூட்டம். முகக்கவசத்தைப் போட்டால் டீச்சருக்கு மூச்சு முட்டியது, கழற்றினால் பக்கத்தில் வருகிறவரைப் பார்த்து பயம். பூங்காவில் பூட்டு தொங்கியது. மிச்சம் இருந்தது தெருக்கோடியில் கிளப் மைதானம்தான். இளவயதில் மாஸ்டர் வேகப்பந்து போட்டு ஓய்ந்த அதே மைதானம். அங்கேயும் புதுச் சட்டம்: பதிந்துகொண்ட ஆட்டக்காரர்களுக்கும், அவர்கள் வீட்டு ஆள் ஒருவருக்கும் மட்டும்தான் அனுமதி.

கிளப் கேப்டன் மருந்துக்கடை வைத்திருந்தார். கடை வாசலில் குறுக்கே கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு மாஸ்டர் விஷயத்தைச் சொன்னார்.

"தப்பா நினைச்சுக்காதீங்கண்ணே. ஆடறவங்களுக்குத்தான் அனுமதி. என் மச்சானையே நான் உள்ள விடல" என்றார் கேப்டன்.

"அப்ப நான் ஆடறேன்."

கேப்டனின் பார்வை கயிற்றைத் தாண்டி மாஸ்டரின் வயிற்றில் வந்து நின்றது.

"கடைசியா எப்பண்ணே ஆடினீங்க?"

"உனக்கு மீசை முளைக்கறதுக்கு முன்னாடி."

கேப்டன் சிரித்தார். பாதிப் பேர் வெளியூரில் மாட்டிக்கொண்டிருந்தார்கள், மீதியில் சிலரை அவர்கள் அம்மாக்கள் வெளியே விடவில்லை. பதினொரு பேரைத் தேற்ற அவர் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தார். "சரி வாங்க. ஆனா பேருக்கு வந்துட்டுப் போற கதையெல்லாம் வேணாம், மேட்ச் ஆடணும். இன்னொண்ணு, சைட் ஸ்க்ரீன் துணி கிழிஞ்சு தொங்குது. அதையும் தச்சுக் குடுத்துடுங்க."

சைட் ஸ்க்ரீன் என்பது பந்து போடுகிறவனுக்குப் பின்னால், எல்லைக்கோட்டை ஒட்டி நிற்கிற பெரிய வெள்ளைத் திரை. பந்து பளிச்சென்று தெரியட்டும் என்று வைப்பது. அதற்கு முன்னால் பூனை நடந்தால்கூட மட்டையாளன் கையைத் தூக்கிவிடுவான், ஆட்டம் நின்றுவிடும். அந்தத் துணியைக் கடை முழுக்கப் பரப்பி, தரையில் தவழ்ந்து தவழ்ந்து தைத்தார் மாஸ்டர். கட்டிலில் உட்கார்ந்தபடி அதைப் பார்த்த டீச்சருக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு இருமலும் வந்தது.

சிரித்ததற்குக் காரணம் இருந்தது. இளவயதில் மாஸ்டருக்கு அந்தத் திரைப்பக்கம் யார் நடந்தாலும் ஆகாது. மூச்சைக் கட்டி ஓடி வரும்போது மட்டையாளன் கையைத் தூக்கினால், பால்காரராக இருந்தாலும் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராக இருந்தாலும் காட்டுக் கத்தல் கத்துவார். அப்படி ஒருநாள், ஆசிரியர் பயிற்சி வகுப்பு முடிந்து குறுக்கு வழியாக வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பார்த்துக் கத்திவிட்டார். அந்தப் பெண் நடையை நிறுத்தவில்லை. இன்னும் மெதுவாகத் திரையைக் கடந்து, நேராக அவரிடமே வந்து, இது பொது வழியா இல்லையா என்று தொடங்கி, மூச்சு விடாமல் அவரைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டுப் போனார். மாஸ்டரால் அன்றைக்கு அதற்குப் பிறகு ஒரு பந்தையும் ஒழுங்காகப் போட முடியவில்லை. அடுத்த வருடம் கல்யாணம்.

சரி, கதைக்கு வருவோம். மாஸ்டர் மறுபடி மைதானத்துக்கு வந்தபோது, ஆட்டம் அவருக்குத் தெரிந்த ஆட்டமாக இல்லை. கைகுலுக்கக் கூடாது. தண்ணீர் அவரவர் பாட்டிலில். பந்துக்கு நடுநடுவே கிருமிநாசினிக் குளியல். எச்சில் தொட்டுப் பந்தைத் தேய்க்கவே கூடாது. மாஸ்டருக்கு இதுதான் பெரிய சோதனை. வீட்டிலும் நாக்கைக் கட்ட வேண்டும், இங்கேயும் நாக்கைக் கட்ட வேண்டும். முதல் நாளே விரல் தன்பாட்டில் உதட்டுக்குப் போக, பையன்கள் எல்லாரும் ஒரே குரலில் "மாஸ்டர்" என்று அலற, பந்தைக் கீழே போட்டுவிட்டார்.

மூட்டு வலித்தது. தோள் வலித்தது. பெயர்கூடத் தெரியாத இடத்திலெல்லாம் வலித்தது. வேகம் போன இடம் தெரியவில்லை, அதனால் நாலு எட்டு நடந்து சுழல்பந்து போட்டார். அதில் ஒன்று தப்பித் தவறித் திரும்பி ஸ்டம்பில் பட்டபோது, அவருக்கே தெரியாமல் ஒரு துள்ளல் வந்துவிட்டது. பைத்தியம் திரும்பிவிட்டது என்று தெரு சொன்னதில் கொஞ்சம் உண்மையும் சேர்ந்துகொண்டது அப்போதுதான். டீச்சருக்காக வந்தவருக்குத் தனக்கும் ஏதோ கிடைத்துக்கொண்டிருக்கிறது என்று புரிந்தது. இந்த வயதில் வெயிலில் நிற்கவும், விழுந்தால் எழுந்துகொள்ளவும் முடிகிறதே என்று மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டார்.

முன்பெல்லாம் பந்து போடுகிறவர் தன் தொப்பியை நடுவரிடம் கொடுப்பார். இப்போது நடுவர் எதையும் தொடுவதில்லை. வீட்டு ஆளிடம் கொடுத்தால் தப்பில்லை என்பதால், மாஸ்டரின் தொப்பி டீச்சரின் தலைக்குப் போனது. அந்தத் தொப்பியோடு பெவிலியன் படியிலிருந்து கிளம்பி எல்லைக்கோட்டை ஒட்டி நடப்பார். முதலில் தண்ணீர்த் தொட்டி வரைதான் முடிந்தது. பிறகு ஸ்கோர் பலகை வரை. அப்புறம் சைட் ஸ்க்ரீனுக்குச் சற்று முன்னால் கிடக்கும் சிமென்ட் பெஞ்சு வரை. அந்த பெஞ்சு வந்ததும் கால் தானாக மடங்கிவிடும். அதில் உட்காராமல் தாண்டி, திரையைக் கடந்து, மறுபடி பெவிலியன் படிக்கு வந்தால் முழுச் சுற்று. அது மட்டும் நடக்கவே இல்லை. தினமும் அங்கே உட்கார்ந்து, நெடுநேரம் மூச்சு வாங்கி, பிறகுதான் மிச்ச தூரம்.

"இந்த பெஞ்ச... எவன் போட்டான்?" என்பார் டீச்சர்.

"நல்லவன் எவனோ போட்டிருக்கான்."

"பாவி" என்பார்.

பள்ளிக்கூடங்கள் திறக்கப்போகின்றன என்று பேச்சு அடிபட்டபோது டீச்சர் சிரிப்பதைக் குறைத்துக்கொண்டார். "ஒரு சுத்து... முடியாதவளுக்கு... நாப்பது பிள்ளைங்க எதுக்கு?" என்று ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது சொன்னார். மாஸ்டர் எழுந்து தட்டைக் கழுவப் போய்விட்டார்.

மேட்ச் நாள் வந்தது. பக்கத்துக் கிளப்போடு ஆட்டம். "டீச்சர், மேட்ச் நடக்கும்போது பெஞ்சிலயே உக்காந்துக்க. ஓவர் முடிஞ்சதும் திரையத் தாண்டிக்கலாம்" என்று மாஸ்டர் முன்கூட்டியே சொல்லிவைத்தார். எப்படியும் அங்கே உட்காரத்தானே போகிறார் என்பதால் டீச்சரும் தலையாட்டினார்.

கடைசி ஓவர் வரை ஆட்டம் இழுத்துக்கொண்டு போனது. கேப்டனிடம் பந்து போட ஆள் தீர்ந்துவிட்டது. "மாஸ்டர், நீங்களே போடுங்க" என்று பந்தைத் தரையில் உருட்டிவிட்டார். எதிரணிக்கு ஒரு விக்கெட்தான் பாக்கி. மாஸ்டர் நாக்கைக் கடித்துக்கொண்டு முதல் நாலு பந்தைப் போட்டார், அடி விழவில்லை. இரண்டு பந்து மிச்சம், எதிரணிக்கு நாலு ஓட்டம் வேண்டும். பையன்கள் கைதட்டினார்கள். மாஸ்டர் ஐந்தாவது பந்துக்கு நடக்கத் தொடங்கினார்.

மட்டையாளன் கையைத் தூக்கிவிட்டு விலகினான்.

"அங்கிள், பின்னாடி யாரோ நடக்கறாங்க. கொஞ்சம் நிக்கச் சொல்லுங்க."

மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். அவரே தவழ்ந்து தைத்த வெள்ளைத் துணிக்கு முன்னால், கருநீல உடையில், அவருடைய தொப்பியோடு டீச்சர் நடந்துகொண்டிருந்தார். பெஞ்சு பின்னால் காலியாகக் கிடந்தது. டீச்சர் அதில் உட்காரவில்லை. தலை குனிந்திருந்தது, ஆட்டம் என்று ஒன்று நடப்பதே அவர் நினைவில் இருந்த மாதிரித் தெரியவில்லை. ஒரு கால், அடுத்த கால், அவ்வளவுதான்.

எல்லைக்கோட்டில் நின்ற பையன் "ஆன்ட்டி" என்று கூப்பிட வாயைத் திறந்தான். மாஸ்டர் கையைக் காட்டி அவனை அடக்கினார்.

"அவங்க நிக்க மாட்டாங்க, நிக்கவும் கூடாது. நாம நிப்போம்" என்றார் மட்டையாளனிடம்.

டீச்சர் திரையைக் கடந்தார். நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "தாண்டிட்டாங்களே மாஸ்டர், போடலாமே."

"கொஞ்சம் இருங்க சார். படி வரைக்கும் போயிடட்டும்."

நடுவருக்குப் புரியவில்லை. கேப்டன் பக்கத்தில் வந்து, தள்ளி நின்றபடியே இரண்டு வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னார். நடுவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவரும் பார்க்கத் தொடங்கினார். மட்டையாளன் மட்டையில் சாய்ந்து நின்றான். இரண்டு அணியும், அத்தனை ஆண்பிள்ளைகளும், ஒரு டீச்சர் நடப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் ஓரிடத்தில் நடை தளர்ந்தது. மாஸ்டர் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். நடை மறுபடி நேரானது. டீச்சர் பெவிலியன் படிக்கு வந்து, கைப்பிடியைத் தொட்டார்.

மாஸ்டருக்குக் கண் நிறைந்துவிட்டது. எந்தக் கடவுளுக்கு, எந்த டாக்டருக்கு, எந்த நர்ஸுக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல், அப்படியே திரும்பி வந்து பந்தைப் போட்டார். கண்ணும் தெரியவில்லை, கையும் ஆறிப்போயிருந்தது. பந்து லட்டு மாதிரி மட்டையாளனின் மடிக்கே போனது. அவன் அதைத் தூக்கி, அந்த வெள்ளைத் திரைக்கும் மேலே அனுப்பினான். ஆட்டம் முடிந்தது.

யாரும் யாரோடும் கைகுலுக்கவில்லை, சட்டம் அப்படி. மாஸ்டர் தோற்ற முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் படிக்கு வந்தார். டீச்சர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"பந்தப் போடாம எதுக்கு எல்லாரும் மரம் மாதிரி நின்னு என்னையே பாத்தீங்க, நான் என்ன ஊர்வலமா போறேன், கை சூடு ஆறுற வரைக்கும் நின்னுட்டு அப்புறம் அவன் மடியில கொண்டு போய்ப் போட்டா அவன் அடிக்காம கும்பிட்டு அனுப்புவானா, இதுக்குத்தான் ராத்திரியெல்லாம் முட்டிக்கு எண்ணெய் தேச்சு விட்டேனா, ஜெயிக்கிற மேட்ச இப்படிக் குடுத்துட்டு வந்து நிக்கறீங்களே, அந்தப் பையன் கேப்டன் மூஞ்சிய நாளைக்கு மருந்துக்கடையில நான் எப்படிப் பாக்கறது?"

மாஸ்டர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். டீச்சர் முடித்த பிறகும் தலையைத் தூக்கவில்லை. டீச்சருக்குச் சந்தேகம் வந்தது.

"என்ன, காதுல விழுதா இல்லையா?"

"விழுது டீச்சர்" என்றார் மாஸ்டர். "நடுவுல எங்கயும் நிறுத்தல நீ."

டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு நெஞ்சில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டார். மைதானத்தைப் பார்த்தார், தூரத்தில் காலியாகக் கிடந்த பெஞ்சைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் திட்டு" என்றார் மாஸ்டர்.