ரப்பர் மரத்தில் மாட்டிய பை

என் வீட்டுக்காரருக்குப் பிரான்ஸ் தேசத்தின் மேல் ஒரு கிறுக்கு. அந்த ஊரைப் பற்றி அவருக்கு வேறொன்றும் தெரியாது. இரும்புக்கடையில் ஆள் வராத மத்தியானங்களில் போனில் வீடியோ பார்ப்பார். தடித்த டயர் போட்ட சைக்கிள்களில் நாலு பேர் ஆற்றங்கரைச் சரல் பாதையில் போவார்கள், திராட்சைத் தோட்டத்துக்குள் நுழைவார்கள், குன்றில் ஏறுவார்கள், ஏறி முடித்து ரொட்டி தின்பார்கள். அவ்வளவுதான் படம். அதை மனிதர் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்.

"நமக்கும் ஆறு கெடக்கு, மலை கெடக்கு. திராட்சைதான் இல்ல," என்பார்.

"அதுக்குத்தான் வாழ இருக்குல்லா. கொல கொலயா தின்னுங்க," என்பேன் நான்.

அதே மாதிரி ஒரு சைக்கிளும் வாங்கி வைத்தார். வாங்கிய மூன்றாம் மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கடையிலேயே உட்கார்ந்துவிட்டார். நாகர்கோவிலில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். கொஞ்ச மாதம் கழித்து டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்த்த டாக்டர், இனி சைக்கிள் ஓட்டலாம், நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை மட்டும் எப்போதும் கையில் இருக்க வேண்டும் என்றார். இதை டாக்டர் என்னிடம்தான் சொன்னார், வீட்டுக்காரர் அப்போது உள்ளே சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். அவர் வெளியே வந்ததும், "ஓட்டலாமாம். ஆனா தனியா போகவே கூடாதாம், டாக்டர் கண்டிச்சு சொல்லிட்டார்," என்று ஒரு வரியைச் சேர்த்துச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். இல்லாததைக் கூட்டிச் சொல்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. அன்றைக்குப் பயம், சொன்னேன்.

அவர் நம்பினார். அவருடைய கூட்டாளிகள் யாருக்கும் விடியற்காலையில் எழுந்து சைக்கிள் மிதிக்கிற கிறுக்கு இல்லை. கடைசியில் நாற்பத்தேழு வயதில் நானே சைக்கிள் படித்தேன். தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. பார்த்தால் பார்க்கட்டும். மனிதர் எங்கேயோ வாய்க்கால் ஓரம், சானல்கரையில் ஒற்றைக்கு விழுந்து கிடந்து, ஆடு மேய்க்கிறவன் வந்து சொல்லி நான் ஓட வேண்டாம் என்பது ஒன்றுதான் எனக்கு. ஒரு வருடம் அவர் பின்சக்கரத்துக்குப் பின்னாலேயே போனேன். அவர் வேகமெடுத்தால் மணி அடிப்பேன். அவர் வேகத்தைக் குறைப்பார்.

போன மார்கழியில்தான் கீரிப்பாறை மலைக்குப் போனோம். பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வெளிச்சம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் சானல்கரையில் ஏறினோம். கோயில் ரேடியோ எங்கேயோ பாடிக்கொண்டிருந்தது, பனிக்குள் அது எந்தக் கோயில் என்று பிடிபடவில்லை. இடது பக்கம் சானல் தண்ணீர், வலது பக்கம் கும்பப்பூ நெல் விளைந்த வயல். இரண்டும் தெரியவில்லை, இரண்டின் மணமும் தெரிந்தது. சரல் டயருக்கு அடியில் நெறுநெறுவென்று பேசிக்கொண்டே வந்தது. தண்ணீரும் நாங்களும் ஒரே வேகத்தில் எதிரெதிராகப் போய்க்கொண்டிருந்தோம். கொக்குகள் நாங்கள் பக்கத்தில் வரும்வரைக்கும் நின்றுவிட்டுப் பிறகுதான் எழுந்தன, அதுவும் மனசில்லாமல். எனக்குத் தூக்கம் இன்னும் கலையவில்லையோ என்றிருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த நேரம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

தடிக்காரன்கோணம் தாண்டி ஏற்றம் தொடங்கியது. வாழையும் தென்னையும் முடிந்து ரப்பர் வந்தது. ரப்பர் தோட்டத்துக்குள் வெயில் வேறுமாதிரி. இலைக்கு மேலேயே நின்றுவிட்டு, பச்சையாகக் கொஞ்சம் கீழே கசியும். பால் வெட்டி முடித்திருந்தார்கள். ஒவ்வொரு மரத்திலும் கோடு கிழித்து, கம்பியில் சிரட்டை மாட்டி, அதில் பால் சொட்டிக்கொண்டிருந்தது. ஆள் நடமாட்டம் இல்லை. ஒரு காடு முழுக்கச் சத்தமில்லாமல் பால் கறந்துகொண்டிருந்தது.

அங்கே இறங்கித் தண்ணீர் குடித்தோம். மாத்திரைப் பை என் தோளில்தான் எப்போதும். அதைக் கழற்றி, பக்கத்து மரத்தில் சிரட்டை நிற்கும் கம்பியில் மாட்டினேன். வயக்காட்டுக்காரர்கள் எதையும் தரையில் வைக்க மாட்டோம், எறும்பு. சோற்றுவாளியோ துண்டோ, வரப்பில் நிற்கும் பூவரசில் மாட்டிவிட்டு இறங்குவோம். சுற்றி எங்கே பார்த்தாலும் வயல், நடுவில் அந்த ஒரு மரம். சாயங்காலம் வரைக்கும் அது அங்கேதான் நிற்கும், வாளியும் நிற்கும். கை அந்தப் பழக்கத்தில் செய்தது. பிறகு முகம் கழுவினேன், சைக்கிளை எடுத்தேன், ஏறினேன்.

இன்னும் மூன்று வளைவு மேலே ஓர் ஓடைப்பாலம். அவருக்கு வியர்த்திருந்தது. "நெஞ்சு எப்பிடி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே தோளைத் தொட்டேன். பை இல்லை.

"ஐயோ, பைய மரத்துல விட்டுட்டேன்!"

"அதுக்கென்ன, நான் போய் எடுத்துட்டு வாறேன்."

"நீங்க இறங்கி, மறுபடி இந்த ஏத்தம் ஏறுவியளாக்கும்? என்ன ஆண போட வைக்காதிய. இங்கயே இரிங்க. அனங்கப்பிடாது."

பாலத்துக் கட்டைச் சுவரில் அவரை உட்கார வைத்துவிட்டு இறங்கினேன்.

எனக்கு முன்னால் யாரும் இல்லாமல் நான் சைக்கிள் ஓட்டியது அதுதான் முதல் தடவை. அதுவரைக்கும் நான் பாதையையே பார்த்ததில்லை, அவர் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன். ஓடைச் சத்தம் கூடவே இறங்கி வந்தது. பயத்தோடுதான் இறங்கினேன், ஆனாலும் காற்று முகத்தில் பட்டது பட்டதுதான்.

நிறுத்தின இடம் வந்தது. எந்த மரம்? வரிசை வரிசையாக ஒரே தடிமன், ஒரே கோடு, ஒரே சிரட்டை. மேல் வளைவா, கீழ் வளைவா? சைக்கிளைக் கிடத்திவிட்டு மரம் மரமாக ஓடினேன். ரப்பர்க் காட்டில் வந்து, 'அந்த மரத்தில் மாட்டியிருக்கிறேன்' என்று நினைத்தவளை என்ன சொல்ல! என்னை நானே வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

பால் எடுக்க வந்த ஒரு பெண் வாளியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும்.

"எம்மா, என்னத்தத் தேடுதிய?"

"ஒரு சின்னப் பை. மரத்துல மாட்டியிருந்தேன்."

"எந்த மரம்?"

நான் கையை நீட்டினேன். எங்கே நீட்டுவது என்று தெரியாமல் கை அப்படியே நின்றது. அவள் சிரித்துவிட்டாள். இடுப்பிலிருந்து பையை எடுத்தாள்.

"இன்னா பாருங்க. காதுமடக்கி மரத்துல கெடந்துது. எம் மரத்துல என்ன தொங்கினாலும் எனக்குத் தெரியுமாக்கும்."

காதுமடக்கி எது என்று கேட்டேன். காட்டினாள். பட்டை ஓரிடத்தில் மடங்கியிருந்தது. அவள் வெட்டுகிற முந்நூறு மரத்துக்கும் இப்படி ஏதோ ஒன்று உண்டாம், சிலதுக்குப் பேரும் உண்டாம்.

"உள்ள மாத்திரைல்லா இருக்கு. ஆருக்கு?"

"வீட்டுக்காரருக்கு. நெஞ்சுக்கு."

"அவரு எங்க?"

"மேல, பாலத்துல."

"நல்ல கத! ஆளு மேல, மருந்து கீழயா? போங்க, போங்க," என்று விரட்டினாள்.

பையைத் தோளில் போட்டு ஏறத் தொடங்கினேன். முதல் வளைவு மூச்சு வாங்கியது. இரண்டாம் வளைவில் மூச்சும் மிதியும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பச்சை வெளிச்சம் சரலில் புள்ளி புள்ளியாகக் கிடந்தது, அதன் மேலேயே போனேன். பக்கத்தில் ஏதோ பூ, காட்டு முல்லையோ என்னவோ, மணத்துக்குள் நுழைந்து வெளியே வந்தேன். கால் வலி எங்கேயோ தூரத்தில் வேறு யாருக்கோ இருந்தது. ஒரு இடத்தில் இறங்கி ஓடைத் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று இன்றைக்கும் தெரியாது. ஒரு வருடமாக அவர் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தவள், ஒரு மூச்சுகூட எண்ணவில்லை. மாத்திரை தோளில் இருந்தது, அது யாருக்கு என்பது நினைப்பில் இல்லை. அவர் பிரான்ஸ் பிரான்ஸ் என்று எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நாலு பேர் போகிற வீடியோவில்கூட ஒவ்வொருவனும் தனியாகத்தான் போய்க்கொண்டிருந்தான்.

மூன்றாம் வளைவில் திரும்பினால், பாலத்துக்குப் பக்கத்தில் நடுரோட்டில் நிற்கிறார். சைக்கிளைக் கையில் பிடித்திருந்தார், இறங்கி வரக் கிளம்பியிருக்கிறார். முகம் வெளுத்திருந்தது.

"எவ்வளவு நேரம்! எங்க போய்த் தொலஞ்ச? யான கீன வந்துட்டோ, எங்கயும் விழுந்துட்டியோன்னு... ஏட்டி, இனி நீ ஒத்தைக்கு எங்கயும் போவாண்டாம். கேட்டியா? போவவே வேண்டாம்."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என்னைத் தேடி அவர் பயந்து நான் பார்த்ததில்லை. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். எனக்கோ பொசுக்கென்று கோபம் வந்தது. இப்போதுதானே ருசி கண்டேன், அதற்குள் பறிக்கிறாரே என்று. தண்ணீரில் நின்ற கால் இன்னும் காயவில்லை. "அதெப்பிடி, நான் போவேன்," என்று வாய்வரை வந்துவிட்டது. அங்கேயே நின்றது. ஒரு வருடமாக நான் மணி அடிக்கும்போதெல்லாம் அவருக்கும் இது வாய்வரை வந்து நின்றிருக்கும் அல்லவா?

சைக்கிளை நிறுத்தினேன். பையைக் கழற்றி அவர் ஹேண்டில்பாரில் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினேன்.

"டாக்டர் அப்பிடிச் சொல்லல்ல," என்றேன்.

"எப்பிடி?"

"தனியா போகக் கூடாதுன்னு. மாத்திர கையில இருந்தாப் போதும்னுதான் சொன்னார். மீதிய நான் சொன்னேன்."

அவர் முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசினால் திருப்பி ஏச என்னிடமும் இருந்தது.

"ஒரு வருசம்," என்றார். "ஏட்டி, ஒரு வருசம்."

அவ்வளவுதான் சொன்னார். ஹெல்மெட் வாரை இழுத்து மாட்டினார். மேலே போகிற பாதையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கேட்கவில்லை. நானும் தலையசைக்கவில்லை. ஏறி மிதித்தார். அடுத்த வளைவுவரைக்கும் முதுகு தெரிந்தது. கோபத்தில் போகிறாரா, சந்தோஷத்தில் போகிறாரா என்று ஒரு முதுகைப் பார்த்து என்ன தெரியும்? வளைவு அவரை எடுத்துக்கொண்டது. என் பெருவிரல் மணி மேல் இருந்தது. அடிக்கவில்லை. சரல் சத்தம் கேட்கிறவரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன், அதுவும் நின்ற பிறகு பாலத்துச் சுவரில் உட்கார்ந்து அழுதேன்.