ஏரிக்குப் பத்து நிமிடம்

தெற்கு இத்தாலியில் எங்கள் ஊர் மலை உச்சியில் இருக்கிறது, ஏரி அடிவாரத்தில். தூரம் கேட்டால் இறங்கும் நேரத்தை மட்டும் சொல்வது எங்கள் வழக்கம். ஏறுவது அவரவர் பாடு.

கோட்டை வாசலில் எலுமிச்சைச் சாறு விற்கும் எர்சிலியாவிடம்தான் வெளியூர்க்காரர்கள் வழி கேட்பார்கள். எதிரே காப்பிக்கடை வைத்திருக்கும் நான் தினமும் பார்க்கிற கூத்து இது. "பத்து நிமிஷந்தான், போங்க" என்பாள். திரும்பும்போது முக்கால் மணி நேரம் படியேறி, நாக்குத் தள்ள வந்து அவளிடமே சாறு வாங்குவார்கள்.

நேற்று ஒரு மிலான்காரர் முகம் சிவக்கக் கத்தினார். "பத்து நிமிஷம்னு சொன்னியேம்மா!"

"போறதுக்குத்தானே கேட்டீங்க? வர்றதுக்கு யாரு கேட்டா?"

அவர் போன பிறகு நான் விடவில்லை. "ஏன்க்கா, உள்ளதைச் சொன்னா என்ன?"

எர்சிலியா ஏரிக்கரை மீனவர் வீட்டுப் பெண். பத்தொன்பது வயதில் கல்யாணமாகி மேலே வந்தவள். அவள் கணவர் நுன்சியாந்தே அப்போது என் கடையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அவரைக் கையால் காட்டினாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடி இந்த மனுஷன்கிட்ட நானும் கேட்டேன். உங்கம்மா வீடு பத்து நிமிஷந்தான்னாரு."

"அது நெசந்தானே? ஆனா ஞாயித்துக்கிழமைதோறும் உங்கம்மாதான் மீன் கூடையோட ஏறி வந்தாங்க. நீ ஒரு நாளும் இறங்கலியே?" என்றேன்.

"இறங்கியிருந்தா திரும்பி ஏறியிருக்க மாட்டேன்டா."

நுன்சியாந்தே சர்க்கரை கரைந்த பிறகும் காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.