மூணு நாள் அழுகை

கடைத்தெருவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. பஞ்சுக்கை என்றால்தான் தெரியும். தம்பி நடத்துகிற நாய்க்குட்டிக் கடையில் அவளுக்கு வேலை. தொண்டை கிழியக் கத்துகிற குட்டியை அவள் கையில் கொடுத்தால் போதும், அடங்கிவிடும். இடது முழங்கை மடிப்பில் அதன் தலையைச் சாய்த்து, வலது கையின் இரண்டு விரலால் தாடைக்குக் கீழே ஒரு தடவு. அவ்வளவுதான். பார்த்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். பக்கத்துத் தையல் கடைக்காரரின் பேத்திக்கு வயிற்றுவலி வந்தபோது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போகாமல் நேரே இங்கே ஓடி வந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் அவள் வீட்டில் நாய் கிடையாது. வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். ஒரே ஒரு நாய்முடி சேலையில் ஒட்டிக்கொண்டு வந்தாலும் தெருமுனைவரை கேட்கிற மாதிரி தும்முவார். அதனால் கடையிலேயே குளித்து உடை மாற்றிக்கொண்டுதான் அவள் வீட்டுக்குப் போவாள். கடைக்கு வருகிற குட்டிகளோ பால்மணம் மாறுவதற்குள் வரும், சொந்தக் குணம் தெரிவதற்குள் விலைபோகும். ஆக, இருபது வருஷம் நாய்களுக்காக நாயாய் உழைத்தவள், வளர்ந்த நாய் ஒன்றோடு ஒரு முழு நாள்கூட இருந்ததில்லை. இதை யாரும் யோசித்ததில்லை, அவளும் யோசித்ததில்லை.

குட்டிகளைப் பற்றி மட்டும் அவளுக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்றுதான் தெருவே நம்பியது. கையில் எடுத்ததுமே சொல்லிவிடுவாள்: இதற்குக் காய்ச்சல், இதற்கு வயிற்றில் பூச்சி, இது பயந்த சுபாவம், குழந்தைகள் உள்ள வீட்டுக்குக் கொடுக்காதே. எல்லாவற்றுக்கும் மேல் அவளுக்கு அத்துப்படியானது 'மூணு நாள் அழுகை'. பண்ணையிலிருந்து வேன் வந்து இறக்கிவிட்டுப் போன நிமிஷத்தில் தொடங்கும். முதல் நாள் ஊளை, இரண்டாம் நாள் விம்மல், மூன்றாம் நாள் முனகல், அப்புறம் சரியாகிவிடும். புதுச் செருப்பு கொஞ்ச நாள் கடிப்பதுபோல, குட்டி என்றால் அழத்தான் செய்யும் என்பது அவள் கணக்கு. வாங்கிக்கொண்டு போகிறவர்களிடமும் அதையே சொல்வாள். "உங்க வீட்லயும் மூணு நாள் அழும், பயந்துடாதீங்க. இந்தத் துணியை அது பக்கத்துல போட்டு வைங்க." தான் உபயோகிக்கிற டவலில் ஒரு துண்டைக் கிழித்துக் கூடவே கொடுத்தனுப்புவாள். அவள் வாசனை இருந்தால் குட்டி தூங்கும். அதில் அவளுக்கு ரொம்பப் பெருமை.

இந்த நேரத்தில்தான் நகரசபையில் பிரச்சினை கிளம்பியது. பண்ணைகளில் உற்பத்தி செய்கிற குட்டிகளைக் கடைகளில் வைத்து விற்கக்கூடாது என்று ஒரு தீர்மானம். கடைக்கு எதிர்ச்சாரியில் தினம் சாயங்காலம் நாலைந்து பேர் அட்டை பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தார்கள். அவர்களுக்குத் தலைமை ஒரு டீச்சர். அவர் கையில் சங்கிலியோடு நின்ற நாயே இந்தக் கடையில் வாங்கியதுதான். தம்பிக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒருநாள் தெருவைக் கடந்து போய்ச் சண்டையே போட்டுவிட்டான். "கடையை மூடிட்டா மட்டும் குட்டி வாங்குறவங்க நிறுத்திடுவாங்களா டீச்சர்? போன்ல படத்தைப் பாத்து வாங்குவாங்க. எங்க வளந்தது, ஊசி போட்டாங்களா, ஒண்ணும் தெரியாது. எங்கிட்ட வாங்கினா, ஏதாவதுன்னா என் சட்டையைப் பிடிச்சுக் கேக்கலாம்."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. டீச்சர் அவனைத் தாண்டி, வாசலில் நின்ற பஞ்சுக்கையைப் பார்த்தார். "இந்தக் குட்டிகளோட அம்மா எங்கே இருக்கு, எப்படி இருக்குன்னு நீங்க ஒரு தடவையாவது பாத்திருக்கீங்களா?"

"அம்மாதான் நான் இருக்கேனே" என்றாள் பஞ்சுக்கை. தையல் கடையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. டீச்சர் வாயடைத்துப் போனார் என்று தம்பி அன்றைக்கெல்லாம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தான்.

அந்தப் பதில் அவனுக்கு அவ்வளவு பிடித்துப்போனதால், நகரசபை பொதுமக்களை அழைத்துக் கருத்துக் கேட்கிற நாளில் அக்காவையே பேச வைப்பது என்று முடிவுசெய்தான். குளிப்பாட்டுகிற தொட்டி பக்கத்தில் நின்று அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தான். "வரும்போது அழுதுகிட்டே வர்ற குட்டியை நாங்க சிரிக்க வச்சு அனுப்புறோம். இதை மட்டும் மறக்காம சொல்லிடுக்கா. நம்ம ரெண்டு குடும்பத்துச் சோறும் அந்த ஒரு வரியிலதான் இருக்கு." அவளும் சோப்பு நுரைக்கு நடுவே பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.

கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் வேன் வந்தது. தீர்மானம் நிறைவேறிவிட்டால் குட்டிகள் தேங்கிவிடும் என்று பண்ணைக்காரருக்குப் பயம். பால்குடி மறக்காததையும் சேர்த்து அனுப்பிவிட்டார். வேன்காரர் கடைசியாக ஒரு பெரிய கூண்டை இறக்கினார். உள்ளே நாலு குட்டிகள், ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு. அவற்றோடு தாய்.

"இதுங்களுக்குப் பல்லே சரியா வரலை" என்றார் வேன்காரர். "பால் குடிக்கட்டும்னு அம்மாவையும் ஏத்தி விட்டார். அடுத்த வாரம் வந்து எடுத்துக்கிறேன். அதுக்குள்ள இதுக்கு அடுத்த ஈத்துக்கு நேரம் வந்துடும்." காலி கேஸ் சிலிண்டரைத் திருப்பி எடுக்கிற மாதிரி சொன்னார். அவர் மேல் தப்பில்லை, அவருக்குச் சொன்னதை அவர் சொன்னார்.

பஞ்சுக்கை கூண்டுக் கதவைத் திறந்தாள். வெள்ளை நாயாக இருந்திருக்க வேண்டும். முடி திரிதிரியாகக் கட்டிப்போய்ப் பழுப்பாக இருந்தது. காதுக்குள்ளே பச்சை குத்திய எண். மடி தொங்கித் தரையைத் தொட்டது. ஒரு காலை எடுத்து வெளியே வைத்தது, சுட்டதுபோலத் தூக்கிக்கொண்டது. மறுபடி வைத்தது. பிறந்ததிலிருந்து கம்பிவலை மேலேயே நின்ற கால், விரல்கள் அகல விரிந்து போயிருந்தன. தரை என்று ஒன்று இருப்பதை அது அப்போதுதான் தெரிந்துகொள்கிறது என்பது அவளுக்கு மெல்லத்தான் உறைத்தது. நாலு காலையும் ஊன்றி நின்றதும் அது அசையவே இல்லை. அவளும் அசையவில்லை. இவ்வளவு பெரிய நாயை எப்படித் தொடுவது என்றே அவளுக்குத் தெரியவில்லை. உண்மையில் அது அப்படியொன்றும் பெரிய நாயும் இல்லை.

பின்னறையில் விளக்கடியில் இடம்போட்டு, வழக்கம்போலத் தன் டவலையும் விரித்தாள். தாய் அதை முகர்ந்து பார்த்தது. பல்லால் கவ்விக் கொண்டுபோய் அறைக்கு வெளியே போட்டுவிட்டு வந்து படுத்தது. பஞ்சுக்கைக்குச் சுருக்கென்றது. இருபது வருஷத்தில் அந்த டவலை வேண்டாமென்று சொன்ன ஜீவன் இதுதான்.

மறுநாள் காலை அவள் ஷட்டரைத் தூக்கும்போதே ஏதோ சரியில்லை என்று பட்டது. முன்பக்கக் கண்ணாடிப் பெட்டிகளில் முதல் நாள் வந்த மற்றக் குட்டிகள் வழக்கம்போல ஊளையிட்டுக்கொண்டிருந்தன. பின்னறையிலிருந்து சத்தமே இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தாள். நாலும் உயிரோடுதான் இருந்தன. மத்தியானம் ஆயிற்று, அழவில்லை. அடுத்த நாளும் அழவில்லை. காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்தாள், இல்லை. வயிற்றை அமுக்கிப் பார்த்தாள், ஒன்றும் இல்லை. அவள் கைக்குப் பிடிபடாத நோய் என்றால் பெரிய நோயாகத்தான் இருக்க வேண்டும். பதறிப்போய் நாய் டாக்டருக்குப் போன் போட்டாள்.

டாக்டர் வந்து நாலையும் புரட்டிப் பார்த்தார். "நல்லாத்தானேம்மா இருக்கு. எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"அழவே மாட்டேங்குது டாக்டர். ரெண்டு நாளாச்சு."

டாக்டருக்குப் புரியவில்லை. "எதுக்கு அழணும்?" என்றார். "அதான் அம்மா கூடவே இருக்கே."

சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டார். பஞ்சுக்கை அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சாப்பாட்டுப் பாத்திரம் திறக்காமலே கிடந்தது. ஒரு குட்டி வழிதவறி அறை மூலைக்கு உருண்டு போயிற்று. தாய் எழுந்திருக்கவில்லை. தொண்டைக்குள் மெதுவாக ஒரு சத்தம் கொடுத்தது, அவ்வளவுதான். கண் சரியாகத் தெரியாத அந்தக் குட்டி அப்படியே திரும்பி அந்தச் சத்தத்தை நோக்கித் தவழ்ந்து வந்தது. வந்ததும் தாய் அதன் தாடைக்குக் கீழே நக்கியது. தாடைக்குக் கீழே. அவள் இரண்டு விரலால் தடவுகிற அதே இடம். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க அவளுக்கு முழுசாக ஒரு வருஷம் பிடித்தது. எத்தனை குட்டிகளை அழவிட்டுக் கண்டுபிடித்த இடம் அது. இதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

அவளுக்குப் புல்லரித்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது, அதை மறைப்பானேன். இது கம்பிவலை தவிர எதையும் கண்டதில்லை, தரையில் நடக்கவே முந்தாநாள்தான் கற்றுக்கொண்டது. ஆனால் ஒரு குட்டிக்கு வேண்டியது அத்தனையும் அதற்குத் தெரிந்திருக்கிறது. முன்பக்கத்திலிருந்து மற்றக் குட்டிகளின் ஊளை கேட்டுக்கொண்டே இருந்தது. இருபது வருஷமாக அந்தச் சத்தத்தைக் கேட்டு, பசி என்றாள், குளிர் என்றாள், குட்டியின் சுபாவம் என்றாள். கூப்பிடுகிறது என்று மட்டும் அவளுக்குத் தோன்றவே இல்லை.

கூட்டத்தன்று நகரசபை மண்டபம் நிறைந்திருந்தது. டீச்சர் பேசினார், பண்ணைக்காரர் சங்கத்து ஆள் ஒருவர் பேசினார், குட்டி வாங்கி ஏமாந்தவர் ஒருவரும் வாங்கிச் சந்தோஷமாக இருப்பவர் ஒருவரும் பேசினார்கள். கடைசியில் பஞ்சுக்கை ஒலிபெருக்கியின் முன்னால் நின்றாள். முன்வரிசையிலிருந்து தம்பி தலையாட்டி உற்சாகப்படுத்தினான்.

"வரும்போது அழுதுகிட்டே வர்ற குட்டியை நாங்க..." என்று தொடங்கினாள். பாதியில் நிறுத்தினாள்.

"போன வாரம் நான் டாக்டரைக் கூப்பிட்டேன்" என்றாள். "குட்டிங்க அழலைன்னு கூப்பிட்டேன்."

யாரோ சிரித்தார்கள். அவள் கோபப்படவில்லை. "சிரிக்க வேண்டிய விஷயந்தான். குட்டின்னா மூணு நாள் அழும்னு நெனச்சிட்டிருந்தேன். அழாட்டி அதுக்கு ஏதோ வியாதின்னு நெனச்சேன். அம்மா கூட இருந்தா அது அழாதுன்னு எனக்குத் தெரியாது. ஏன்னா அம்மாவை நான் பாத்ததே இல்லை. டீச்சர் கேட்டப்போ நான்தான் அம்மான்னு சொன்னேன். ரொம்பத் திமிராச் சொல்லிட்டேன். கடையை மூடணுமா, திறக்கணுமா, அதெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியலை. என் தம்பி நல்லவன், குட்டிங்களைப் பட்டினி போட்டதில்லை. எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். அது அழுதது என் கைக்காக இல்லை."

நகரசபை நகரசபைதானே, முடிவை அடுத்த மாதத்துக்கு ஒத்திவைத்தது. தம்பி வழியெல்லாம் நாலடி முன்னாலேயே நடந்தான். கடை வாசலுக்கு வந்ததும்தான் வாய் திறந்தான். "என் வயித்துல அடிச்சிட்டியேக்கா." அடித்தது அடித்ததுதான்.

வேன் அங்கே காத்துக்கொண்டு நின்றது. வேன்காரர் புதிதாக மூன்று குட்டிகளை இறக்கி வைத்திருந்தார். மூன்றும் உச்சத்தில் கத்திக்கொண்டிருந்தன. "இதை வச்சுக்கிட்டு அம்மாவைக் கொடுத்துடுங்க, இருட்டுறதுக்குள்ள பண்ணைக்குப் போகணும்" என்றார், காலிக் கூண்டைக் காட்டி.

பஞ்சுக்கை அந்தக் கூண்டைப் பார்த்தாள். தாய் திரும்ப அந்த வலைமேல் நிற்கப் போகிறது. கடை தம்பியுடையது, நாய் பண்ணைக்காரருடையது, இவளுக்கு எதில் என்ன உரிமை? அவள் தாயைக் கொண்டுவரவில்லை. கத்துகிற மூன்று குட்டிகளையும் வாரியெடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். தம்பியும் வேன்காரரும் பின்னாலேயே போனார்கள்.

குட்டிகளைத் தாயின் முன்னால் இறக்கிவிட்டு விலகி நின்றாள். கடித்துவிடுமோ என்று அவளுக்கே பயம். வேறு வயிற்றுப் பிள்ளைகள், வேறு நிறம், வேறு வாசனை. தாய் எழுந்து நின்றது. ஒவ்வொன்றையும் தலையிலிருந்து வால்வரை முகர்ந்தது. தன் நாலையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தது. பிறகு தொண்டைக்குள் அந்தச் சத்தத்தைக் கொடுத்தபடி சாய்ந்து படுத்து, மடியைத் திறந்து காட்டியது. மூன்றும் முண்டியடித்துக்கொண்டு போய் ஒட்டிக்கொண்டன.

கத்தல் நின்றது. மூன்று நாள் ஆகவில்லை, மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை.

கடையே அமைதியாயிற்று. அந்தக் கடைக்கு மேல்மாடியில்தான் தம்பியின் குடித்தனம். அவன் பிள்ளைகள் இரண்டும் அந்த ஊளையைக் கேட்டுக்கொண்டே பிறந்து, தூங்கி, வளர்ந்தவர்கள். அவன் சுவரில் சாய்ந்து, எதையோ தேடுகிறவன்போலக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். வேன்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். வழிநெடுக ரேடியோவை அலறவிட்டு ஓட்டுகிறவர் அவர். எதற்கு அப்படி என்று அன்றைக்குத்தான் யோசித்தாரோ என்னவோ.

"காலிக் கூண்டை எடுத்துட்டுப் போங்க" என்றான் தம்பி. "இனிமே அம்மா கூட இல்லாத குட்டி எனக்கு வேண்டாம்னு சொல்லிடுங்க."

"பண்ணைக்காரர் கத்துவாரே?"

"கத்தட்டும்" என்றான். "மூணு நாள் கத்துவாரு. அப்புறம் சரியாயிடும்."

பஞ்சுக்கை பழக்கதோஷத்தில் டவலுக்குக் கை நீட்டினாள். அதற்கு அங்கே வேலை இல்லை. மடித்துத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு ஏழு குட்டிகளும் பால் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.